56 புள்ளி, 5 மூட்டை: ஒரு கான்கிரீட் தரையைச் சரிசெய்த விவரம்

அறை 4.2 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம். வீடு கட்டி முடித்த பிறகு சேர்த்தது. தரைக்குக் கான்கிரீட் போட்டு, மேலே எதுவும் பதிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். பல வருடம் சாமான் போட்டு வைக்கிற இடமாகவே இருந்ததால் அதன் கோணல் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அங்கே மேசையும் புத்தக அலமாரியும் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று இறங்கியபோதுதான் அலமாரியின் நாலு காலில் மூன்று மட்டுமே தரையைத் தொடுவது தெரிந்தது. நாலாவது காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினேன். அடுத்த வாரம் மேசைக்கும் அட்டை. சக்கரம் வைத்த மேசை நாற்காலியை விட்டு எழுந்தால் அது தானாகப் பின்சுவரைப் பார்த்து நகர ஆரம்பித்ததும், சரி, இது அட்டையில் தீருகிற விஷயம் இல்லை என்று புரிந்தது.

மேலே பதிக்க நினைத்தது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வினைல் பலகை. பசை கிடையாது, தரைமேல் சும்மா கிடக்கும். இந்த வகைப் பலகைக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வைக்கும் நிபந்தனை, 3 மீட்டர் தூரத்தில் 5 மி.மீ.க்கு மேல் மேடுபள்ளம் கூடாது என்பது. அடியில் வெற்றிடம் இருந்தால் மிதிக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி எழும். பூட்டு இருக்கிற இடம் மெல்லிய நாக்கு மாதிரியானது, நாளாக நாளாக அது ஒடிந்துவிடும்.

என் முதல் யோசனை எல்லோருக்கும் வருவதுதான். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தானே பரவி மட்டமாகிக்கொள்ளும் செல்ஃப் லெவலிங் கலவையை வாங்கி, அறை முழுக்க ஊற்றி, மறுநாள் கண்ணாடி மாதிரித் தரையில் நிற்பது. அந்த யோசனை பாதி சரி. மீதிப் பாதியைத் திருத்தியது ஒரு சாக்பீஸ்.

அளந்த கதை

கண்ணால் பார்த்தால் தரை பொய் சொல்லும். வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது 1 மி.மீ. மேடுகூட மலையாகத் தெரியும். இரண்டு மீட்டர் அகலத்துக்கு மெல்ல இறங்கும் 10 மி.மீ. பள்ளம் தெரியவே தெரியாது. அதனால் முதலில் தரையில் கட்டம் போட்டேன். நீளவாக்கில் 60 செ.மீ. இடைவெளியில் 8 கோடு, அகலவாக்கில் 7 கோடு (கடைசி இடைவெளி மட்டும் 30 செ.மீ.). கோடுகள் வெட்டிக்கொள்ளும் 56 இடத்திலும் சாக்பீஸால் ஒரு பொட்டு.

லேசர் மட்டக் கருவியைச் சுமார் 1 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பொட்டிலும் ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து, சிவப்புக் கோடு எந்த எண்ணில் விழுகிறது என்று பார்த்து, அதைப் பொட்டின் பக்கத்திலேயே எழுதினேன். எண் பெரிதானால் தரை அங்கே தாழ்வு, சிறிதானால் மேடு. இது முதலில் குழப்பும், பத்துப் புள்ளி எழுதியதும் பழகிவிடும். லேசரையும் அப்படியே நம்பவில்லை. ஒரு நீளமான ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார்கள் பிடிப்பது போல இரண்டு முனையிலும் பிடித்து, நாலு மூலையை மட்டும் சரிபார்த்தேன். குழாய்க்குள் காற்றுக்குமிழி நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும், அந்தத் தண்ணீர் தப்பு சொல்லாது. பாட்டரியும் வேண்டாம்.

எழுதி முடித்துக் கதவருகே எழுந்து நின்று பார்த்தபோது தரை ஒரு வரைபடமாகியிருந்தது. கதவை ஒட்டி 997. அங்கிருந்து பின்சுவர்வரை மெல்ல இறங்கி 1012. அதாவது 4.2 மீட்டரில் 15 மி.மீ. வாட்டம். இதற்கு நடுவே இரண்டு வில்லங்கம். கதவிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி, அகலம் முழுக்க ஒரு முதுகு, அதன் உச்சியில் 994. அங்கே இயல்பாக 1001 இருந்திருக்க வேண்டும், ஆக 7 மி.மீ. மேடு. இரண்டு வெவ்வேறு நாளில் போட்ட கான்கிரீட் சந்திக்கும் இணைப்பு அது. கதவிலிருந்து 3 மீட்டரில், இடப்பக்கமாக, ஒரு கிண்ணம். அதன் அடியில் 1019, சுற்றியுள்ள வாட்டத்தைவிட 11 மி.மீ. ஆழம்.

அவ்வளவுதான் நோய். தரை முழுக்கக் கெட்டதாக நினைத்திருந்தேன். உண்மையில் ஒரு முதுகு, ஒரு கிண்ணம், ஒரு சாய்வு.

மேஸ்திரி கேட்ட கேள்வி

தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எண்களை அவர் அதிகம் பார்க்கவில்லை. மட்டக்கட்டையை நாலைந்து இடத்தில் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: “தம்பி, உங்களுக்குத் தரை மட்டமா வேணுமா, சமமா வேணுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே, அண்ணே?”

“ஒண்ணா இருந்தா நான் எதுக்குக் கேக்கறேன்?”

இந்த விவரத்தில் நான் சொல்ல வேண்டிய ஒரே விஷயம் இதுதான், அதனால் சற்று நின்று சொல்கிறேன். ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்பது மட்டம். நேர்கட்டையை எந்தத் திசையில் வைத்தாலும் அடியில் இடைவெளி இல்லாதது சமம். ஒரு சாய்ந்த பலகை சமமானது, ஆனால் மட்டமில்லை. குளம் மட்டமானது, சமமும்கூட. பலகையோ ஓடோ பதிக்கத் தேவைப்படுவது சமம். மட்டம் வேண்டியது பெரிய அலமாரிக்கும் சக்கரம் வைத்த நாற்காலிக்கும். குளியலறையில் மட்டமே கூடாது, வாட்டம்தான் வேண்டும்.

கணக்குப் போட்டோம். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. உயர்த்த 1 லிட்டர் கலவை வேண்டும். இது எந்தப் பொருளுக்கும் மாறாது. ஒரு லிட்டருக்கு என் பொருளில் சுமார் 1.7 கிலோ தூள். அறை 13.86 ச.மீ. எதையும் கிரைண்டரால் இழைக்காமல், முதுகின் உச்சிக்கு மேல் 3 மி.மீ. நிற்கும்படி முழு அறையையும் மட்டமாக்கினால் சராசரி 15 மி.மீ., அதாவது 208 லிட்டர், 25 கிலோ மூட்டையில் 15. முதுகை இழைத்துவிட்டு முழு அறைக்கும் ஊற்றினால் சராசரி 12 மி.மீ., 12 மூட்டை.

மூன்றாவது வழியை மேஸ்திரி காட்டினார். முதுகை மட்டும் இழைத்துவிடு. கதவிலிருந்து 1.4 மீட்டர்வரை இருக்கிற வாட்டம் அப்படியே இருக்கட்டும். அதற்குப் பின்னால் உள்ள 2.8 மீட்டரை மட்டும் 1002 என்ற உயரத்துக்கு ஊற்று. மேசையும் அலமாரியும் அங்கேதான் வரப்போகின்றன. கிண்ணம் தானாக நிரம்பிவிடும். முன்பகுதியில் சாய்ந்து வரும் தரை, பின்பகுதியில் மட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய மடிப்பு வரும். அது எவ்வளவு? 1.4 மீட்டரில் 5 மி.மீ. இறங்கி, பிறகு மட்டம். அதன்மேல் 3 மீட்டர் கட்டையை வைத்தால் மடிப்பில் 2.7 மி.மீ. இடைவெளி. பலகைக்காரன் அனுமதிப்பது 5. பரப்பு 9.24 ச.மீ., சராசரி 7 மி.மீ., சுமார் 65 லிட்டர், 110 கிலோ. 5 மூட்டை.

பதினைந்துக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் மூட்டையில் மட்டும் இல்லை. முழு அறைக்கு ஊற்றியிருந்தால் கதவுப் பக்கமும் உயர்ந்து, பலகையும் சேர்ந்து, கதவின் அடியை அறுக்க வேண்டி வந்திருக்கும். கான்கிரீட் இணைப்பின் மேலும் கலவை போயிருக்கும். கட்டிடம் அசைய வேண்டும் என்று நினைத்தால் முதலில் அசைவது அந்த இணைப்பில்தான். மேலே ஊற்றியது கூடவே விரிசல் விடும்.

ஊற்றுவதற்கு முன்னால்

தட்டிப் பார்ப்பதில் ஆரம்பித்தேன். சுத்தியலின் பின்புறத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் லேசாகத் தட்டினால், நல்ல கான்கிரீட் ‘டிக்’ என்று கெட்டியாகச் சொல்லும். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு முறம் அளவு இடம் பொக்கென்று சத்தம் போட்டது. யாரோ முன்பு ஒரு தரம் பள்ளத்தைச் சரிசெய்யப் பார்த்து, 5 மி.மீ. கனத்துக்குச் சிமெண்ட் மணல் கலவையைத் தடவியிருக்கிறார்கள். உளியின் நுனியை விளிம்பில் கொடுத்து நெம்பியதும் உள்ளங்கை அளவில் ஒரு சில்லு முழுசாகக் கழன்று வந்தது. அதன் அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தது, பழைய தரையின் தூசி அதில் பவுடர் போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. கலவை தரையைப் பிடிக்கவேயில்லை, தூசியைத்தான் பிடித்திருக்கிறது. மெல்லிய சிமெண்ட் பூச்சுக்கு எப்போதும் இந்தக் கதிதான். அடியில் உள்ள காய்ந்த கான்கிரீட் அதன் தண்ணீரை உறிஞ்சிவிடும், மேலே காற்று உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. சுருங்கி, ஓரம் தூக்கி, கழன்றுவிடும். சாதாரண சிமெண்ட் கலவை என்றால் 25 மி.மீ.க்குக் குறைந்து போடக் கூடாது என்பது மேஸ்திரியின் கட்சி. எனக்கும் இப்போது அதே கட்சி.

கிண்ணத்துக்குள் ஒரு மயிரிழை விரிசலும் இருந்தது. அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் மூட முடியாது. விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஒரு விரல் அகலத்துக்கு அப்பி, தேதி எழுதி விட்டேன். தரை அசைந்தால் அந்தப் பட்டை முதலில் கீறும். ஆறு வாரம் கழித்தும் மூன்றும் முழுசாக இருந்தன. பட்டையைச் சுரண்டிவிட்டு, விரிசலை ‘வி’ வடிவில் திறந்து, தூசியை உறிஞ்சி, எப்பாக்ஸி நிரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே மேலே காய்ந்த மணலைத் தூவினேன். மணல் இல்லாவிட்டால் எப்பாக்ஸியின் வழுவழுப்பில் கலவை ஒட்டாது.

அந்த ஆறு வாரம் வீணாகவில்லை. ஈரச் சோதனையை அப்போதுதான் செய்தேன். 45 செ.மீ. சதுரமான கனமான பிளாஸ்டிக் தாளை மூன்று இடத்தில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் மூடினேன். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும், நான் ஒரு முழு நாள் விட்டேன். இரண்டு இடம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. பின்சுவர் மூலையில் தாளின் அடியில் பனித்துளி மாதிரி நீர், தாளை எடுத்ததும் தரையில் கறுத்த சதுரம்.

முதலில் பழியைத் தரைமேல் போட்டேன். வெளியே போய்ப் பார்த்தபோது, அந்தச் சுவரோரம் தோட்டத்து மண் குவிந்து, உள்தரையைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது. செடிக்கு ஊற்றும் தண்ணீரெல்லாம் சுவரைப் பிடித்து உள்ளே வந்துகொண்டிருந்தது. மண்ணை வெட்டி எடுத்து, அங்கே நிலம் சுவரை விட்டு வெளிப்பக்கமாகச் சாயும்படி செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அதே மூலையில் மறுபடி தாள் ஒட்டினேன். காய்ந்திருந்தது. ஒன்று சொல்லிவிட வேண்டும்: இந்தத் தாள் சோதனை, ஈரம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். மரத் தரையோ, பசை போட்டு ஒட்டும் தரையோ போடுகிறவர்கள் இதோடு நிற்கக் கூடாது. தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, உள்ளே ஈரப்பதமானியை இறக்கி அளக்கும் முறைதான் அதற்கு.

இழைப்பு

மொத்த வேலையில் உடம்பை முறித்தது இதுதான். ஐந்து அங்குல ஆங்கிள் கிரைண்டரில் வைரத்துகள் பதித்த கிண்ண வடிவ வீல், அதைச் சுற்றித் தூசி மறைப்பு, அதிலிருந்து வாக்குவம் குழாய். மறைப்பில்லாமல் அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், எதிர்ச்சுவர் தெரியவில்லை. கான்கிரீட் தூசியில் இருப்பது படிகச் சிலிக்கா. நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது, சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணமாகாது. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆக, கைக்குட்டையை மூக்கில் கட்டுவது வேலைக்காகாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டி மாஸ்க் வேண்டும். தரையில் ஓடு ஒட்டிய பழைய பசை கறுப்பாக ஒட்டிக் கிடந்தால் அதை இழைக்கவே கூடாது, சோதிக்காமல் தொடக் கூடாது. அந்தக் காலத்துப் பசைகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு.

எங்கே இழைப்பது என்று காட்ட மேஸ்திரி ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். நேர்கட்டையின் அடிவிளிம்பில் நீலச் சாக்கை அழுத்தித் தேய்த்து, முதுகின்மேல் வைத்து இரண்டு தரம் முன்னும் பின்னும் இழு. மேடு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் நீலம் ஒட்டும். நீலத்தை இழை, மறுபடி இழு, மறுபடி இழை. முதல் நாள் நீலம் கையகலத்துக்கு ஒட்டியது. இரண்டாம் நாள் மாலை கட்டையை இழுத்தபோது இரண்டு மீட்டருக்கு ஒரே சீராக, மெல்லிய நீலக் கோடு. 994 என்று இருந்தது 1000 ஆகியிருந்தது. கடைசி 1 மி.மீ.ஐ விட்டுவிட்டேன். உள்ளே ஜல்லியின் முகம் தெரிய ஆரம்பித்துவிட்டது, கையும் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு இழைப்பும் இருந்தது. என் கலவையின் மூட்டையில் எழுதியிருந்த கனம் 2 முதல் 20 மி.மீ. பின்பகுதிக் குளத்தின் கரை, அதாவது 1.4 மீட்டர் கோடு, பூஜ்ய கனத்தில் முடியும். காகிதம் மாதிரி மெலிந்து முடியும் விளிம்பு நிற்காது. அதனால் கோட்டை நூல் பிடித்து அறுத்து, அதில் 2 மி.மீ. ஆழம் இறக்கி, அங்கிருந்து பின்பக்கமாக 60 செ.மீ. போகும்போது ஒன்றுமில்லாமல் ஆகும்படி சரிவாக இழைத்தேன். கலவை வந்து முட்டி நிற்க ஒரு சின்னப் படி. வலது ஓரத்தில் ஒரு முழம் இடத்தில் அலுப்பில் ஆழம் குறைந்துவிட்டது. தெரிந்தே விட்டேன். அது பிறகு வந்து கேட்டது.

ஊற்றப் போகும் இடம் முழுக்க லேசாக ஒரு சுற்று ஓட்டினேன். கான்கிரீட் போடும்போது தண்ணீர் அதிகமாகி, மேலே கரண்டியால் ரொம்பத் தேய்த்தால், சிமெண்டுப் பால் மேலே வந்து ஒரு பலவீனமான தோலாகப் படியும். சாவியால் கீறினால் வெள்ளையாக உதிரும். அது போயாக வேண்டும். போனதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். இழைப்பதற்கு முன் அந்தச் சொட்டு முத்து மாதிரி உட்கார்ந்திருந்தது. இழைத்த பிறகு ஒரு நிமிடத்துக்குள் கறுத்த வட்டமாக உள்ளே போனது.

ஊற்றிய நாள்

தூசியை இரண்டு தரம் உறிஞ்சினேன். சுவரோரம் நுரைப் பட்டை ஒட்டினேன், கலவை சுவரைத் தொடாமல் இருக்கவும் இடுக்கில் ஒழுகாமல் இருக்கவும். முந்தின நாள் மாலை பிரைமர். இழைத்த கான்கிரீட் தாகமாக இருக்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது, இரண்டு கோட்டு, அதாவது இரண்டு பூச்சு, அடிக்கச் சொல்லியிருந்தது. இரண்டாவது கோட்டுக்குக் கிண்ணத்தின் ஓரம் வந்தபோது பிரைமர் தீர்ந்துவிட்டது. பழைய பூச்சைப் பெயர்த்தெடுத்த இடம் அது, எல்லாவற்றிலும் அதிகத் தாகம் உள்ள இடம். ஒரு கோட்டு போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பித்தோம். ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தியாயிற்று. காற்றடித்தால் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். நான் ஊற்றுவது, மனைவியின் தம்பி கலக்குவது. என் மூட்டைக்குத் தண்ணீர் 5.5 லிட்டர். அதை ஐந்து பாத்திரத்தில் முன்கூட்டியே அளந்து வரிசையாக வைத்திருந்தோம், நடுவில் யாரும் குத்துமதிப்பாக ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக. முதலில் தண்ணீர், அதில் தூள். மாற்றிச் செய்தால் வாளியின் அடியில் கட்டி தங்கும். துடுப்பு மாட்டிய டிரில்லால் மெதுவாக மூன்று நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி அரை நிமிடம். வேகமாகச் சுற்றினால் காற்று புகும்.

முதல் வாளியைப் பின்மூலையில் ஊற்றினேன். கெட்டியான பாயசம் போல ஓடி, கிண்ணத்தைத் தேடிப் போய்ப் படுத்தது. பல் வைத்த ரேக்கால் ஓரங்களுக்கு இழுத்துவிட்டு, காற்றுக்குமிழியை உடைக்கும் முள் ரோலரை ஒரு தரம் ஓட்டினேன். இரண்டாவது வாளி முதலாவதின் ஈர விளிம்பிலேயே விழுந்து, தழும்பில்லாமல் கலந்தது. இந்தக் கலவை நன்றாக ஓடும் நேரம் 15 நிமிடம்தான். அதற்குள் அடுத்த வாளி வந்தாக வேண்டும்.

மூன்றாவது வாளி சற்றுக் கெட்டியாகத் தெரிந்தது.

“கொஞ்சம் தண்ணி விடட்டுமா, மாமா? ஒரு டம்ளர்தான்.”

“வேண்டாம். இன்னும் ஒரு நிமிஷம் சுத்து.”

சுற்றியதும் இளகியது. அந்த ஒரு டம்ளர் ஏன் கூடாது என்று அவனுக்குக் காட்ட, கடைசியில் மிஞ்சிய கலவையை இரண்டு பழைய டப்பாவில் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு குலுக்குத் தண்ணீர் சேர்த்து வைத்தோம். மூன்றாம் நாள் விரல் நகத்தால் கீறினான். சரியான கலவையில் நகம் வழுக்கியது. தண்ணீர் சேர்த்ததில் நகம் பள்ளம் பறித்து, சாக்பீஸ் மாதிரி வெள்ளைத் தூளை அள்ளிக்கொண்டு வந்தது. தண்ணீர் கூடினால் கனமான துகள் அடியில் போகும், மெலிந்த பால் மேலே வரும். தரையின் மேல்தோல்தான் பலகையைச் சுமக்கிற இடம்.

நாலாவது மூட்டையைக் கலக்க ஆரம்பித்தபோது டிரில் நின்றது. வாக்குவமும் டிரில்லும் ஒரே லைனில் போட்டிருந்தோம், சுவிட்ச் விழுந்துவிட்டது. வாக்குவத்துக்கு அப்போது வேலையே இல்லை, சும்மா ஓடிக்கொண்டிருந்தது! அதைக் கண்டுபிடித்து, வயரை வேறு அறைக்கு இழுத்து, மறுபடி கலக்கி முடிக்க 12 நிமிடம் கூடுதலாகப் போனது. நாலாவது வாளியை ஊற்றும்போது மூன்றாவதின் விளிம்பு தோல் கட்டியிருந்தது. இரண்டும் கலக்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. முள் ரோலரால் உரசிப் பார்த்தேன், தோல் கிழிந்து இன்னும் அசிங்கமானதுதான் மிச்சம். விட்டுவிட்டு முன்னேறினோம். ஐந்தாவது வாளி 1.4 மீட்டர் கோட்டின் படியில் வந்து முட்டி நின்றது, ஏழெட்டு லிட்டர் மிச்சம்.

மறுநாள் பார்த்தவை

மறுநாள் காலை மூன்று குறை கண்ணில் பட்டது.

நாலாவது வாளி ஏறிய இடத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.5 மி.மீ. வரப்பு. ஊற்றிய இரண்டு மூன்று மணி நேரத்தில், நடக்கத் தாங்கும் ஆனால் முழுசாக இறுகாத பதத்தில் சுரண்டியைச் சாய்த்துப் பிடித்துச் சீவியிருந்தால் சோப்புச் சீவுவது போலப் போயிருக்கும் என்று மேஸ்திரி சொன்னார். நாங்கள் அப்போது அலுப்பில் படுத்திருந்தோம். ஆகவே மறுபடி கிரைண்டர், மறுபடி மாஸ்க், ஒரு மணி நேரம்.

கிண்ணத்தின் ஓரத்தில், ஒரு கோட்டு பிரைமர் மட்டும் வாங்கிய அந்த முறத்தளவு இடத்தில், ஊசி குத்தியது போல நாற்பது ஐம்பது துளை. சுற்றிலும் எங்கேயும் ஒன்றுகூட இல்லை, வரைந்து வைத்த மாதிரி அந்த இடத்துக்குள் மட்டும். தாகமான கான்கிரீட் கலவையின் தண்ணீரைக் குடிக்கும்போது, அதன் நுண்துளைகளில் இருந்த காற்று வெளியே வந்தாக வேண்டும். இளகிய கலவைக்குள் குமிழியாக ஏறி, மேலே வந்து உடைந்து, மூடுவதற்குள் கலவை இறுகிவிட்டது. பிரைமர் அந்தக் காற்றுக்கு மூடி. நான் பாதி மூடிதான் போட்டிருந்தேன். பலகைக்கு அடியில் போகிற துளைகள் என்பதால் கெடுதல் பெரிதில்லை. மெல்லிய பேட்ச் கலவையைத் தகட்டால் இழுத்து மூடினேன்.

மூன்றாவது, நான் தெரிந்தே விட்ட வலது ஓரம். தட்டினால் ஒரு சாண் நீளத்துக்குப் பொக்கு. படியின் ஆழம் 1 மி.மீ.கூட இல்லாத இடத்தில் விளிம்பு ஒட்டவில்லை. அறுத்து எடுத்து, படியை ஒழுங்காக 2 மி.மீ. இறக்கி, அதே பேட்ச் கலவையால் நிரப்பினேன். இரண்டு நிமிட இழைப்பைச் சேமித்ததற்கு அரை நாள் போனது.

கிண்ணத்தில் 17 மி.மீ. கனம் என்பதால் ஐந்து நாள் காயவிட்டுப் பழையபடி சாக்பீஸ் பொட்டு வைத்து அளந்தேன். ஊற்றிய பகுதியில் எல்லா எண்ணும் 1001-க்கும் 1003-க்கும் நடுவில். 3 மீட்டர் கட்டையை எங்கெங்கோ வைத்துப் பார்த்ததில் அதிகபட்ச இடைவெளி மடிப்புக் கோட்டில் 3 மி.மீ. கணக்கு சொன்னது 2.7.

பலகை

இதில் சொல்ல அதிகம் இல்லை. சுவரோரம் சுற்றிலும் 8 மி.மீ. இடைவெளி விட்டு, இரண்டு நாளில் பதித்து முடித்தோம். பெரிய ஓடு பதித்திருந்தால் கதை வேறு. பக்கம் 38 செ.மீ.க்கு மேற்பட்ட ஓடுகளுக்குப் பொதுவாகக் கேட்பது 3 மீட்டருக்கு 3 மி.மீ., என் மடிப்பு எல்லையிலேயே நின்றிருக்கும். மேலே எதுவும் பதிக்காமல் பெயிண்ட் மட்டும் அடித்து நடக்கலாமா என்றால், நான் ஊற்றியது அதற்கானதில்லை. அடித்தளக் கலவை என்றும் மேல்தளக் கலவை என்றும் இரண்டு வகை உண்டு, அடித்தளக் கலவைமேல் நேரடியாக நடந்தால் தேய்ந்து தூசி பறக்கும். வாங்கும்போதே மூட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டியது இது.

அலமாரி இப்போது நாலு காலில் நிற்கிறது. நாற்காலியைக் கதவருகே விட்டால் இன்னமும் மெல்ல உருள்கிறது, அந்தப் பக்கம் யாரும் உட்காருவதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் பின்மூலையில் கடைசி வரிசைப் பலகை இரண்டைக் கழற்றிப் பார்த்தேன். பசை இல்லாத தரையில் அது ஒரு வசதி. அடியில் காய்ந்திருந்தது, பலகையின் பின்புறத்தில் கறையோ வாடையோ இல்லை. திருப்தியாகப் பூட்டிவிட்டு வெளியே போய்ச் சுவரோரம் பார்த்தால், நான் வெட்டி எடுத்த இடத்தில் யாரோ புதிதாக ஒரு கூடை மண்ணைக் கொட்டி, ஒரு செம்பருத்திக் குச்சியையும் நட்டு வைத்திருந்தார்கள். வீட்டில் கேட்டேன், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. குச்சியை ஒரு தொட்டிக்கு மாற்றினேன்.